மாரி விடுமுறையும் வடக்குப் புகைவண்டியும்



ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்களின் ஆட்சிக் காலத்தைக் கொண்டு எழுதுவது பழைய வழக்கம். யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாற்றை ஒரு பயணத்தைக் கொண்டும் எழுதலாம். அது, மார்கழி மாதத்திலே கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள் வடக்கேயுள்ள தம் வீடுகளை நோக்கிச் செய்த பயணம். அப்பயணம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது, எக்காரணத்தால் தடைப்பட்டது என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

திரும்பி வருதல் என்றால், முதலில் புறப்பட்டுப் போதல் இருந்திருக்க வேண்டுமன்றோ? யாழ்ப்பாணக் குடாநாடு ஆறில்லாத நிலம். கிணற்று நீரையும் மாரி மழையையும் நம்பியே அங்குப் பயிர்த்தொழில் நடைபெற்றது. குடிப்பெருக்கத்துக்கேற்ப நிலம் பெருகுவதில்லை. தலைமுறைதோறும் காணிகள் துண்டுபட்டன. இந்நிலையில், 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் வந்து பாடசாலைகளை நிறுவத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி உருவாயிற்று. பின்னர் சைவப் பெரியோரும் ஆங்கிலக் கல்விக் கூடங்களை அமைத்தனர். ஆங்கிலம் கற்ற இளைஞர் தொகை பெருகியது. ஊரிலோ அவர்க்கேற்ற உத்தியோகம் இல்லை. ஆதலால் எழுதுவினைஞராகவும், தபாலதிபராகவும், புகையிரத நிலைய அதிபராகவும், ஆசிரியராகவும் அவர்கள் தென்னிலங்கைக்குச் சென்றனர். கடல் கடந்து மலாயா சென்றோரும் பலர். அவர்கள் அனுப்பிய மணியோடர்ப் பணம் ஊர்க் குடும்பங்களைத் தாங்கியது.

உத்தியோகம் கொழும்பிலே கிடைத்த பின்னும் பலர் குடும்பத்தை அங்கே கொண்டு செல்லவில்லை. நகர வாழ்க்கையின் செலவு ஒரு காரணம். மற்றொரு காரணம் தேசவழமைச் சட்டத்தோடு தொடர்புடையது. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்த அவ்வழமை 1707ஆம் ஆண்டு சட்டமாக வெளியிடப்பட்டது. 1806இல் ஆங்கிலேயரும் அதனை உறுதிப்படுத்தினர். அவ்வழமையின் வழிவந்த சமூகத்திலே பெண்ணுக்குச் சீதனமாக வீடும் காணியும் எழுதிக் கொடுப்பது பெருவழக்கு. ஆகவே வீடு பெரும்பாலும் பெண்ணின் உடைமையாயிருந்தது. தாயிடமிருந்து மகளுக்கு அது சென்றது. ஆடவன் எங்கு உழைத்தாலும், அவன் மனைவியும் மக்களும் வாழ்ந்த வளவு ஊரிலேயே நிலைத்து நின்றது. கொழும்பிலே அவன் நண்பர் சிலரோடு சேர்ந்து “சமறி” என்று வழங்கும் கூட்டுக் குடித்தனத்தில் வாடகைக்கு இருந்தான். அவன் தன் வீடு என்று சொன்னது, கிடுகு வேலிக்கும் படலைக்கும் உள்ளேயிருந்த அந்த ஊர் வீட்டையே.

புகைவண்டி வருவதற்கு முன் அவ்வீட்டை அடைவது எளிதன்று. வன்னிக் காட்டினூடாகச் சென்ற தரைவழியில் மலேரியாக் காய்ச்சலுக்கும் காட்டு விலங்குகளுக்கும் அஞ்ச வேண்டும். மாட்டு வண்டிப் பயணம் பல நாட்கள் நீளும். கடல்வழியோ வாடைக் காற்றுக் காலத்தில் ஆபத்தானது. கண்டிக்குப் புகைவண்டி 1867இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர வேண்டிய தேவை அதனை விரைவுபடுத்தியது. அத்தகைய ஏற்றுமதிப் பெரும்பயிர் இல்லாத வடக்கு மேலும் 38 ஆண்டுகள் காத்திருந்தது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதலில் வண்டி ஓடியது. 1905ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் வடபாதை முழுமை பெற்றது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்வரை ஏறக்குறைய 250 மைல். நாட்கணக்கில் நீண்ட வழி ஓர் இரவுப் பயணமாகச் சுருங்கிற்று.

இதன்பின்னரே மாரி விடுமுறைப் பயணம் ஒரு வழக்கமாக வேரூன்றியது. ஆண்டிறுதியிலே பாடசாலைகள் மூடப்படும். நத்தார் விடுமுறையும் வரும். அரசாங்க உத்தியோகத்தர் லீவும் இலவசப் பயணத்துக்கான வாரண்டும் பெற்றுக் கோட்டைப் புகையிரத நிலையத்திலே கூடுவர். பொல்காவலை, மாகோ, அனுராதபுரம், வவுனியா என நிலையங்கள் இரவோடு கழியும். ஆனையிறவின் உப்பு நீர்ப்பரப்பைக் கண்டதும் ஊர் வந்துவிட்டது என்ற உணர்வு பிறக்கும். கொடிகாமம், சாவகச்சேரி, யாழ்ப்பாணம், கோண்டாவில், சுன்னாகம், தெல்லிப்பழை என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வோர் ஊரார் இறங்குவர்.

அக்காலத்தில் ஊரும் வரவேற்கும் கோலத்திலே இருக்கும். காலபோக நெல் வயலிலே பசுமையாய் நிற்கும். கிணறுகளில் நீர் உயர்ந்திருக்கும். விடியுமுன் திருவெம்பாவைக்குரிய சங்கும் சேமக்கலமும் தெருவிலே ஒலிக்கும். கிறித்தவ இல்லங்களில் நத்தார் ஏற்பாடுகள் நடைபெறும். மழை நாளில் ஒடியற்கூழ் காய்ச்சிப் பலாவிலையைக் கோலிக் குடிப்பது குடும்பம் ஒன்றுகூடியதற்கு அடையாளம்.

இப்பயணம் இளைப்பாறுவதற்கு மட்டும் உரியதென்று எண்ணலாகாது. பெண் பார்த்தல், சீதனம் பேசுதல், உறுதி எழுதுதல், எல்லை வழக்குத் தீர்த்தல், பிள்ளையின் படிப்பைப் பற்றி முடிவு செய்தல் ஆகிய கருமங்கள் பலவும் குடும்பத் தலைவன் வீட்டிலிருக்கும் இச்சில வாரங்களிலேயே நடந்தன. மீதிக் காலத்தில் தோட்டத்தையும் வீட்டையும் ஆண்டவர்கள் பெண்களே. அவர்களது உழைப்பின்றேல் திரும்பி வருவதற்கு ஒரு வீடு இருந்திராது.

1956ஆம் ஆண்டு இவ்வரலாற்றிலே ஒரு திருப்பம். அவ்வாண்டு ஏப்பிரல் 23ஆந் திகதி “யாழ்தேவி” கடுகதி வண்டி தன் சேவையைத் தொடங்கிற்று. பகற்பொழுதிலேயே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்தை அடையக்கூடியதாயிற்று. அதே ஆண்டு யூன் மாதத்திலே சிங்களத்தை மாத்திரம் அரச கருமமொழியாக்கும் சட்டமூலத்தைப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. வழி விரைவாகிய அதே வேளையில், அவ்வழியே தெற்கே சென்று உத்தியோகம் பெறும் வாய்ப்புக் குறுகலாயிற்று. இரண்டும் ஓராண்டில் நேர்ந்தமை சிந்திக்கத்தக்கது.

1958இலும், 1977இலும், 1983இலும் இனக்கலவரங்கள் நிகழ்ந்தன. தெற்கிலே வீடிழந்தும் உறவினரை இழந்தும் பலர் வடக்கே வந்தனர். 1958இலும் 1983இலும் கப்பலிலே ஏற்றப்பட்டு வந்தோர் பல்லாயிரவர். விடுமுறைக்கு வந்து சேர்ந்த அதே ஊருக்கு அவர்கள் அகதிகளாய் வந்தனர். 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை போரினால் முற்றாக நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் காப்பரண் அமைக்கப் பெயர்த்தெடுக்கப்பட்டன. பாதை கிடந்த இடத்தில் பற்றை வளர்ந்தது. 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆந் திகதி, மாரி மழையிலே, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளைப் பூட்டிவிட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தனர். அந்த மார்கழியிலே பல வீடுகளில் விளக்கேற்றுவாரில்லை.

2009இல் போர் முடிந்தபின் பாதை இந்தியக் கடனுதவியோடு மீண்டும் அமைக்கப்பட்டது. 2013இல் கிளிநொச்சிக்கும், 2014ஆம் ஆண்டு ஒற்றோபர் 13ஆந் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015ஆம் ஆண்டு சனவரி 2ஆந் திகதி காங்கேசன்துறைக்கும் வண்டி வந்து சேர்ந்தது. நிலையத்தில் வண்டியைக் காணத் திரண்ட கூட்டத்தில், அதற்குமுன் புகைவண்டியையே கண்டிராத ஒரு தலைமுறையும் இருந்தது.

ஆயினும் பழைய பயணம் அப்படியே திரும்பிவிடவில்லை. போர்க் காலத்திற் புறப்பட்டவர்கள் கனடா, இங்கிலாந்து, நோர்வே முதலிய பனிநாடுகளிலே குடியேறினர். மார்கழி விடுமுறையில் அங்கிருந்து வருவோரும் உளர். வர இயலாதோரும் உளர். சில வீடுகளிலே முதியோர் தனித்திருக்கின்றனர். சில வீடுகள் பூட்டுண்டு கிடக்கின்றன. வேறு சில உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு, விடுவிக்கப்பட்டபோது அத்திவாரம் மட்டுமே எஞ்சியவை.

தண்டவாளத்தைச் சில ஆண்டுகளில் மீண்டும் போட்டுவிடலாம். ஒரு வளவை யார் தோண்டினார், யார் கட்டினார், எந்த மகளுக்கு எந்த ஆண்டிலே கொடுக்கப்பட்டது என்ற நினைவு அழிந்தால் அதனை எந்தக் கடனுதவியாலும் மீட்க இயலாது. ஆதலால், இம்மாரி விடுமுறையிலே வீடு செல்லும் நேயர்கள் ஒரு நாளையேனும் இதற்கென ஒதுக்குவார்களாக. பெட்டியிலுள்ள பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். பாட்டியை அருகிருத்திக் கேளுங்கள். அவர் சொல்வதைத் திகதியோடு எழுதி வையுங்கள். எந்த அரசாங்கச் சுவடிக் கூடத்திலும் கிடைக்காத வரலாறு அந்த ஏட்டிலே இருக்கும்.