சங்கரன்கோவில்: விசைத்தறி நகரில் எளியோர் உணவு

சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்து நகராட்சி; 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 57 ஆயிரம். சங்கரநாராயணர் கோயில், பூச்சந்தை, பிரியாணி ஆகியவற்றால் ஊர் பெயர் பெற்றிருந்தாலும், இங்கே பல குடும்பங்கள் விசைத்தறிக் கூலியை நம்பியே வாழ்கின்றன. இவர்கள் வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. கூலி குறையும் வாரத்தில் முதலில் குறைபவை காய்கறி, பருப்பு, முட்டை.

தமிழ்நாட்டில் பொது விநியோகத் திட்டம் எல்லோருக்கும் பொது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2007இல் தொடங்கிய சிறப்பு விநியோகத்தின் கீழ் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அட்டைக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு என்றால், ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழு கிராம்கூட வராது. உழைக்கும் உடம்புக்கு இது போதவே போதாது.

காய்கறியைப் பொறுத்தவரை, புளியங்குடி எலுமிச்சையும் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையும் அதிகத் தொலைவில் இல்லை. நகரிலேயே உழவர் சந்தையும் உண்டு. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய இத்திட்டத்தில் அடையாள அட்டை பெற்ற விவசாயி கடை வாடகையின்றி, இடைத்தரகரின்றி விற்கிறார். விலையை அன்றன்று சந்தை நிர்வாகம் பலகையில் எழுதிவிடுகிறது. வெளிக்கடையைவிட விலை குறைவுதான். ஆனால் உழவர் சந்தை வியாபாரம் பெரும்பாலும் காலையோடு முடிந்துவிடும். பகல் முறையில் தறி ஓட்டுபவர் அந்நேரம் தறியடியில் நிற்பார்; வாரக் கூலியும் வாரக் கடைசியில்தான் கைக்கு வரும். அதனால் மாலையில் தெருமுனைக் கடையில், பல நேரம் கடன் சொல்லி, கூடுதல் விலைக்கு வாங்க நேர்கிறது. சந்தை நேரத்தை உழைப்பவர் நேரத்தோடு பொருத்தாதது திட்டத்தின் பெருங்குறை.

சமைத்த உணவுக்கு அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிப் பிற மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பரவிய இதில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பசி அடங்கும்; ஆனால் கீரையும் முட்டையும் அங்கே கிடையா.

பிள்ளைகள் நிலை சற்று மேல். பள்ளியில் மதியச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளையும் எட்டியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்றவற்றோடு காய்கறி சாம்பாரும் பரிமாறப்படுகிறது. கோடை விடுமுறையில் இந்த இரு வேளைச் சாப்பாட்டுச் செலவு மீண்டும் தறிக்கூலியின் மேல் ஏறுகிறது.