இரண்டு தேவதைகள்

வெள்ளிக்கிழமை இரவு சிராங்கூன் சாலையில் நடப்பதென்றால் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவு கூட்டம். வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டி, பூக்கடைகளையும் நகைக்கடைகளையும் தாண்டி, பத்து நிமிடம் நடந்தால் நான் போகும் கடை வந்துவிடும். இரண்டாவது மாடி. உள்ளே நீளமான மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஏசிக் குளிர். என் பைக்குள் அறுபது அட்டைகள் இருக்கும்.

கிளம்பும்போதெல்லாம் அம்மா கேட்பது ஒரே கேள்விதான்.

"எங்கடா, சீட்டாடவா?"

"காசு வச்சு ஆடலம்மா."

"அப்புறம் எதுக்கு ஆடுற?"

தமிழ் வீடுகளில் சீட்டு என்றாலே ஏறக்குறைய கெட்ட வார்த்தைதான். திருக்குறளில் சூதுக்கென்றே தனி அதிகாரம் உண்டு. மகாபாரதத்தில் ஒரு நாடே அதில் போயிற்று. என் ஆட்டம் வேறு வகை என்று அம்மாவுக்குப் புரியவைக்க வருடக்கணக்காக முயல்கிறேன். முழுக்க வேறு என்றும் சொல்லிவிட முடியாது. 'மேஜிக்: தி கேதரிங்' 1993 ஆகஸ்டில் வெளிவந்தபோது, ஆளுக்கு ஓர் அட்டையைப் பணயம் வைத்து, ஜெயித்தவர் இரண்டையும் எடுத்துக்கொள்வது விதிகளிலேயே இருந்தது. அந்த வழக்கம் சீக்கிரமே மறைந்துவிட்டது. இந்தத் தகவலை அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை நான் தோற்காத ஓர் ஆட்டத்தைப் பற்றியது.

போன வருடம் ஒரு தகுதிச் சுற்றுப் போட்டி. கடைசிச் சுற்றில் ஜெயித்தால் முதல் எட்டுப் பேரில் ஒருவன். மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயிக்க வேண்டும். மொத்தம் 50 நிமிடம். எதிரே ஒரு சீன அங்கிள், வேகமான சிவப்பு டெக். முதல் ஆட்டத்தைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். இரண்டாவதை நான் ஜெயித்தேன். அதற்கு 38 நிமிடம் எடுத்துக்கொண்டேன். மூன்றாவதற்கு மிஞ்சியது இரண்டு நிமிடம். மணி அடித்ததும் விதிப்படி ஐந்து முறைகள் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. டிரா.

வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. இருவருமே வெளியே.

அட்டைகளை அடுக்கும்போது அங்கிள் என் கையிலிருந்ததைப் பார்க்கலாமா என்றார். இரண்டாவது ஆட்டத்தின் முடிவிலும் என் கையில் ஏழு அட்டைகள் இருந்ததைக் கவனித்திருக்கிறார். "அவ்வளவையும் கையில வச்சுக்கிட்டு எதுக்காகக் காத்திருந்தே?" என்று கேட்டார். கோபமெல்லாம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடித்தான் இந்த ஆட்டத்தின் பழைய கதைகளுக்குள் போனேன்.

முதலில் ஆட்டம்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. நிலம் என்ற அட்டைகளிலிருந்து மானா என்ற சக்தி கிடைக்கும். அதைச் செலவழித்து, போரிடும் உயிரிகளை இறக்கலாம், மந்திரங்களை ஏவலாம். ஒவ்வொரு முறையும் ஓர் அட்டை எடுக்கலாம். எதிராளியின் உயிர்ப்புள்ளியைப் பூஜ்ஜியமாக்கினால் வெற்றி. அவரிடம் எடுக்க அட்டையே இல்லாமல் போனாலும் வெற்றிதான்.

இதில் ஆட இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, சின்னச் சின்ன உயிரிகளை மளமளவென்று இறக்கி அடித்துக்கொண்டே இருப்பது. மற்றது கன்ட்ரோல். எதிராளி செய்வதை எல்லாம் ரத்து செய்து, இறக்கியதை எல்லாம் அழித்து, அவருக்கு மூச்சு வாங்கிய பிறகு நிதானமாக முடிப்பது. நான் இரண்டாவது கட்சி.

ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் ஒரு கணிதவியலாளர். பதிப்பாளர் பீட்டர் அட்கிசன் அவரிடம் கேட்டது, விளையாட்டு மாநாடுகளில் ஒரு நிகழ்ச்சிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே எங்கேயும் உட்கார்ந்து ஆடக்கூடிய, கையில் எடுத்துப் போகக்கூடிய ஒன்று. அதாவது சட்டென்று முடிய வேண்டிய ஆட்டம். அதில்தான் நான் 38 நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

நிறுத்திவைப்பவர்கள்

முதல் உலகப் போட்டி 1994இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நடந்தது. ஜெயித்தவர் ஸாக் டோலன். அவருடைய டெக்கில் 'ஸ்டேசிஸ்' என்றோர் அட்டை. அது களத்துக்கு வந்தால் இருவருமே பயன்படுத்திய நிலங்களையும் உயிரிகளையும் மறுபடி தயார் செய்துகொள்ள முடியாது. ஆட்டமே உறைந்துவிடும். ஆனால் அவரிடம் 'செர்ரா ஏஞ்சல்' என்ற தேவதை இருந்தது. தாக்கிய பின்பும் களைப்படையாத உயிரி அது. உலகம் உறைந்து நிற்க, தேவதை மட்டும் பறந்து பறந்து அடிக்கும்.

இறுதிச் சுற்றில் அவரிடம் தோற்றவர் பிரான்ஸின் பெர்ட்ரான் லெஸ்ட்ரே. பாவம், 1996இல் நியூயார்க்கில் நடந்த முதல் புரோ டூரிலும் இறுதிச் சுற்றுக்கு வந்து தோற்றார். அங்கே ஜெயித்த மைக்கேல் லொகாண்டோ கையிலும் வெள்ளை-நீல கன்ட்ரோல் டெக்தான்.

ஆனால் கன்ட்ரோலை ஒரு சித்தாந்தமாக ஆக்கியவர் என்று எல்லோரும் சுட்டுவது சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தைச் சேர்ந்த பிரையன் வைஸ்மனை. தொண்ணூறுகளின் நடுவில் அவர் கட்டிய டெக்குக்குப் பெயரே 'தி டெக்'. வேறு அடைமொழி தேவைப்படவில்லை.

அவருடைய யோசனை ஒரு கணக்கு. ஆட்டம் என்பது உயிர்ப்புள்ளிகளின் சண்டை அல்ல, அட்டைகளின் சண்டை. என் ஓர் அட்டை எதிராளியின் இரண்டு அட்டைகளை வீணாக்கினால் நான் ஒன்று முன்னால் இருக்கிறேன். இப்படிச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், ஒரு கட்டத்தில் என் கை நிறைந்திருக்கும், அவர் கை காலியாக இருக்கும். அதன் பிறகு என்னை யார் என்ன செய்ய முடியும்?

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தக் காலத்தில் எல்லோருடைய டெக்கிலும் உயிரிகளைக் கொல்லும் அட்டைகள் நிறைய இருக்கும். வைஸ்மனிடம் கொல்வதற்கு உயிரிகளே கிட்டத்தட்ட இல்லை. ஆகவே எதிராளி எடுக்கும் அந்த அட்டைகள் எல்லாம் கையிலேயே செத்துக் கிடக்கும். வைஸ்மன் ஒன்றும் செய்யாமலே அட்டைக் கணக்கில் முன்னேறிக்கொண்டிருப்பார்.

முடித்துவைக்க அவர் வைத்திருந்தவை இரண்டே இரண்டு செர்ரா ஏஞ்சல்கள். ஓர் அடிக்கு 4 புள்ளி. ஐந்து அடியில் 20. அடித்த கையோடு காவலுக்கும் நிற்கும்.

முதலில் இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பார், அறுபதில் இரண்டுதான் வெற்றிக்கு, மீதியெல்லாம் தோற்காமல் இருப்பதற்கு! என் கட்சியின் ஸ்தாபகரே இப்படித்தான் ஆடியிருக்கிறார் என்று.

யார் அடிக்க வேண்டும்?

கன்ட்ரோலுக்கு மறுப்பும் சீக்கிரமே வந்தது. 1996இல் அட்லாண்டாவில் பால் ஸ்லை என்பவர் பார்க்கச் சாதாரணமான சிவப்பு அட்டைகளை வைத்துக்கொண்டு ஒரு தகுதிச் சுற்றில் வெகுதூரம் போனார். வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். அந்த டெக்கின் ரகசியம் மானா வளைவு. முதல் முறையில் ஒரு மானா அட்டை, இரண்டாவதில் இரண்டு மானா அட்டை என்று எந்த முறையிலும் சக்தி வீணாகாதபடி கட்டியது. வைஸ்மன் அட்டைகளை எண்ணினார் என்றால் இவர்கள் நேரத்தை எண்ணினார்கள். உன் கையில் ஏழு அட்டை இருக்கட்டும். அதை ஆடுவதற்கு முன் நீ செத்துவிட்டால்?

எதிர்த்தரப்பு அதன் எல்லை வரை போனது 1998 வாக்கில். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சுற்றி உருவான குழுவில் ஆண்ட்ரூ குனியோ வடிவமைத்த டெக்கை ரேண்டி ப்யூலர் உலகப் போட்டியில் ஆடினார். அதன் பெயர் 'டிரா-கோ'. அட்டை எடு, நிலம் வை, "கோ" என்று சொல். நம் முறையில் வேறு எதுவுமே செய்வதில்லை. எல்லாமே எதிராளியின் முறையில்தான். அவர் ஏதாவது ஏவினால் ரத்து.

அடுத்த வருடம், 1999இல், மைக் ஃப்ளோரஸ் எழுதிய கட்டுரையை இன்றுவரை மேஜிக் ஆடுகிறவர்கள் பாடம் மாதிரிப் படிக்கிறார்கள். அதன் தலைப்பு ஏறத்தாழ 'அடிக்க வேண்டியது யார்?' என்ற கேள்வி. அவர் சொல்வது இதுதான். இரண்டு டெக்குகள் மோதும்போது ஒருவர் அடிப்பவர், ஒருவர் தடுப்பவர். அதைத் தீர்மானிப்பது டெக்கின் பெயர் அல்ல, அந்த மோதல். தன் பாத்திரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவர் தோற்பார்.

இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. கன்ட்ரோல் டெக் வைத்திருப்பதால் நான் எப்போதும் தடுப்பவன் என்று நினைத்திருந்தேன். அங்கிளோடு ஆடிய அந்த இரண்டாவது ஆட்டத்தில் பதினைந்தாவது நிமிடத்திலேயே அவர் கை காலி, களம் காலி. அதற்குப் பிறகு அடிக்க வேண்டியவன் நான். ஆனால் கையில் இன்னொரு ரத்து அட்டை வரட்டும், அதற்குக் காவலாக இன்னொன்று வரட்டும் என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். அவரும் விட்டுக்கொடுத்து எழுந்து போகவில்லை. ஏன் போக வேண்டும்? அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே அட்டை கடிகாரம். அதை அவர் சரியாகவே ஆடினார்.

பார்த்துக்கொண்டிருந்த நண்பன் முஸ்தபா பக்கம் தே தாரிக் குடிக்கும்போது கேட்டான்.

"தேவதை கையிலதானடா இருந்துச்சு? ஏன் இறக்கல?"

"சேஃபா இருக்கட்டுமேன்னு…"

"யாருகிட்டேர்ந்து சேஃப்? அவர்கிட்ட ஒண்ணுமே இல்லையே!"

பல்கலைக்கழகத்தில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் எனக்குப் பிடித்த பாடம். அதில் அளவுக்கு மீறித் தணிக்கப்பட்ட அமைப்பு என்று ஒன்று வரும். இலக்கைத் தாண்டி ஒருநாளும் போகாது, ஆடாது, அலையாது. மிகப் பத்திரமானது. ஒரே குறை, இலக்கை அடைய ரொம்ப நேரம் எடுக்கும். தேர்வில் அதற்கு வரைபடம் போட்டு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

காத்திருப்பதன் விலை

2018இல் 'டெஃபேரி, ஹீரோ ஆஃப் டொமினாரியா' என்ற அட்டை வந்தது. எதிராளி களத்தில் வைத்திருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாக ஆட்டத்தைவிட்டே நீக்கிவிடலாம். அதோடு டெஃபேரி தன்னையே மறுபடி கட்டுக்குள் அனுப்பிக்கொள்ளும். ஆகவே நம் அட்டைகள் தீரவே தீராது, எதிராளியுடையது தீரும். சிலர் முடித்துவைக்கும் அட்டை ஒன்றுகூட இல்லாமல் டெக் கட்டினார்கள். இரண்டு தேவதைகளும் தேவையில்லை என்றாகிவிட்டது. இதை ஆடத் துணிந்தவர்களுக்கு ஒரு நிபந்தனை: கை வேகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 50 நிமிடம் விழுங்கிவிடும்.

ஜப்பானின் ஷோட்டா யசோகா இதற்கு நல்ல உதாரணம். 2016இல் ஹொனலுலுவில் நடந்த புரோ டூரை கன்ட்ரோல் டெக்கோடு ஜெயித்தவர். இறுதிச் சுற்றில் எதிரே உட்கார்ந்திருந்த பிரேசிலின் கார்லோஸ் ரொமாவோவும் (2002 உலக சாம்பியன்) கன்ட்ரோல்தான். யசோகா ஆடும் காணொளிகளைப் பார்த்தால், அட்டை வந்து விழும் வேகத்துக்கு நம் கண் ஓடாது. கன்ட்ரோல் என்றால் மெதுவாக ஆடுவது என்று நானாகத்தான் முடிவு செய்துவைத்திருந்தேன்.

2024 டிசம்பர் 12ஆம் தேதி, இதே சிங்கப்பூரில், செந்தோசாவில் உலக சதுரங்கப் போட்டியின் பதினாலாவது ஆட்டம். ஆறரைக்கு ஆறரை சமம். வெள்ளைக் காய் வைத்திருந்தும் டிங் லிரென் ஆட்டத்தை டிராவை நோக்கியே நகர்த்தினார். டிரா ஆனால் அதிவேக ஆட்டங்கள். அதில் அவர் கை ஓங்கியிருக்கும் என்பதுதான் பலருடைய கணிப்பு. சென்னைப் பையன் குகேஷ் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். பதினெட்டு வயதில் உலக சாம்பியன். நான் அதை எம்ஆர்டியில் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். குகேஷும் மணிக்கணக்காகப் பொறுமையாகத்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் ஜெயிப்பதற்காகக் காத்திருந்தார்.

அதற்குப் பிறகு வைஸ்மனின் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இப்போது அந்த இரண்டு தேவதைகள் வேறு மாதிரித் தெரிந்தன. மீதி அட்டைகள் எல்லாம் அவை பத்திரமாக இறங்கும் ஒரு தருணத்தை உண்டாக்கத்தான். அந்தத் தருணம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். நான் கட்டில் இருந்ததைப் பார்த்தேன், தருணத்தைப் பார்க்கவில்லை.

அன்று இரவு டிரா என்று வீட்டில் சொன்னபோது அம்மா, "தோக்கலைல? அப்புறம் என்ன?" என்று தோசையைத் தட்டில் போட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அப்பா இந்த ஊருக்கு வந்த முதல் பத்து வருடம் எங்கள் வீட்டில் நடந்தது முழுக்கத் தோற்காமல் இருப்பதுதான். வாடகை தவறக்கூடாது, வேலை போகக்கூடாது, கடன் வாங்கக்கூடாது. அவர்களுக்கு அது சரியான ஆட்டம். எதிரே இருந்தது அப்படி. நான் உட்கார்ந்திருக்கும் மேசை வேறு. ஆனாலும் பழைய கையையே ஆடிக்கொண்டிருக்கிறேன்.

டெக்கை மாற்றவில்லை. இன்னும் அதே வெள்ளை-நீலம்தான். ஒரு பழக்கத்தை மட்டும் ஏற்படுத்திக்கொண்டேன். எதிராளியின் கை காலியானதும் என்னையே கேட்டுக்கொள்வேன்: இப்ப யாரு அடிக்கணும்? சில வாரம் அவசரப்பட்டு இறக்கித் தோற்றிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை அப்படித்தான் ஆயிற்று. அதே அங்கிள், அதே சிவப்பு டெக். மூன்று ஆட்டமும் முடிந்தபோது கடிகாரத்தில் இன்னும் பதினோரு நிமிடம் பாக்கி இருந்தது.

"இன்னிக்கு என்ன?" என்று அம்மா கேட்டார்.

"தோத்துட்டேம்மா," என்றேன்.