எழுதப்படும் இசை, வரையப்படும் இசை

மேலை இசையின் ஐங்கோட்டுக் குறியீட்டைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் முயற்சி எழுத்தில்தான் தொடங்கியது. அதற்குப் பின்னால் கொள்கை எதுவும் இல்லை. 1960களின் கணினிக்குத் துளையட்டையே வாயில். அமெரிக்காவில் ஸ்டீபன் பவர்-மெங்கல்பர்க் வகுத்த டார்ம்ஸ் முறையில் ஒவ்வொரு சுரமும் எண்களாலும் எழுத்துகளாலும் குறிக்கப்பட்டது. ஆயினும் அந்த எண் சுட்டியது சுரத்தின் பெயரையன்று. ஐந்து கோடுகளின்மீது அது அமரும் இடத்தையே. வடிவத்தில் எழுத்தாக இருந்தாலும் அது விவரித்தது ஒரு படத்தைத்தான்.

திரையும் மவுஸும் வந்தபின் நிலை மாறியது. 1980இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஜான் மேக்ஸ்வெல்லும், இசையமைப்பாளர் லியோ ஆர்ன்ஸ்டைனின் மகனான செவரோ ஆர்ன்ஸ்டைனும் மாக்கிங்பேர்டை உருவாக்கினர். பியானோக் கட்டைகளில் வாசித்தவை திரையில் சுரங்களாக எழுந்தன. அவற்றை அங்கேயே திருத்தவும் முடிந்தது. அது சந்தைக்கு வரவில்லை. 1988இல் ஃபினாலேயும் 1993இல் சிபேலியஸும் வந்தன. குறிமொழி எதையும் கற்காமலேயே இசைவாணர் கணினியில் எழுதத் தொடங்கினர்.

எழுத்துமுறை அத்துடன் வழக்கொழிந்திருக்கலாம். ஆனால் 1996இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நீன்ஹ்யூஸும் யான் நியூவன்ஹைசனும் லில்லிபாண்டைத் தொடங்கினர். அவர்களது மனக்குறை அச்சின் அழகு பற்றியது. பாக்கின் செல்லோ இசைக்கு பேரென்ரைட்டர் 1950இல் வெளியிட்ட பதிப்பையும், கணினியில் கோக்கப்பட்ட பிற்காலப் பதிப்பு ஒன்றையும் அவர்கள் அருகருகே வைத்துப் பார்த்தனர். உலோகத் தகட்டில் செதுக்கிய பழைய கைவினைஞர், சுரத்தின் காம்பு மேல்நோக்குகிறதா கீழ்நோக்குகிறதா என்று பார்த்து, கண்ணளவிலேயே இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் வைத்திருந்தார். கணினிப் பதிப்பில் அந்தக் கண் இல்லை. எனவே இசையை மட்டும் பயனர் எழுத்தில் தரட்டும், செதுக்குபவரின் பொறுப்பை நிரல் ஏற்கட்டும் என்பது அவர்கள் வழி. கற்பதற்குக் கடினமானது என்பதை மறுப்பதற்கில்லை; எழுதும்போதே பக்கத்தைக் கண்டு பழகியவர்க்கு அது இன்றும் அயலானதே.

2024 ஆகஸ்டில், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், ஃபினாலேயின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக அதன் நிறுவனம் அறிவித்தது. வாழ்நாள் முழுதும் அதில் எழுதியோர்முன் ஆயிரக்கணக்கான கோப்புகள் நின்றன; அக்கோப்புகளின் வடிவம் அந்நிறுவனத்துக்கே உரியது. வெளியேற அவர்களுக்குக் காட்டப்பட்ட வழி மியூசிக் எக்ஸ்எம்எல். மைக்கேல் குட் வகுத்த அவ்வடிவம் முழுக்க எழுத்தாலானது. எந்தச் சாதாரண எழுத்துச் செயலியிலும் திறந்து படிக்கத்தக்கது. சுரங்களும் தாளமும் அதன்வழி பெரும்பாலும் பத்திரமாக வெளியேறின. பக்க அமைப்பில் ஆண்டுக்கணக்கில் செய்த நுண்திருத்தங்கள் பலவற்றை மட்டும், புதிய மென்பொருளில் மீண்டும் கையால் செய்ய வேண்டியிருந்தது.