மருத்துவப் படிமவியலில் எதிர்பாராக் கண்டறிவுகள்

ஒரு காரணத்துக்காக எடுக்கப்பட்ட எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தில், மருத்துவர் தேடாத வேறொரு நிலை தென்படுவது எதிர்பாராக் கண்டறிவு எனப்படும். இதில் இரண்டு வகை உண்டு. நோயாளிக்குத் தொல்லை இருந்தும் காரணம் பிடிபடாத நிலையில், அரிய நோய் ஒன்றைப் படமே காட்டிக்கொடுப்பது முதல் வகை. எந்தத் தொல்லையும் இல்லாதவரின் உடலில் கட்டியோ அமைப்பு மாற்றமோ தற்செயலாகத் தெரியவருவது இரண்டாம் வகை. முதல் வகை பல நோய்களுக்கு முதன்முதலாக அடையாளம் தந்தது. இரண்டாம் வகை, கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் நோயாகக் கொள்ளலாமா என்ற கேள்வியை மருத்துவத்தின் முன் வைத்தது.

எக்ஸ்ரே காட்டிய எலும்பு நோய்கள்

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பர் 8 அன்று வில்ஹெல்ம் ரோன்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். 1896 ஜனவரியிலேயே இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஜான் ஹால்-எட்வர்ட்ஸ், ஒருவரின் கையில் புதைந்திருந்த ஊசியை எக்ஸ்ரேயில் காட்டினார். தொடக்க ஆண்டுகளில் இக்கருவி பெரும்பாலும் இப்படித்தான் பயன்பட்டது: உள்ளே இருப்பதாக முன்பே தெரிந்த ஊசி, துப்பாக்கிக் குண்டு, எலும்பு முறிவு ஆகியவை எங்கே இருக்கின்றன என்று பார்க்க.

ஹாம்பர்க் நகரக் கதிரியல் மருத்துவர் ஹைன்ரிச் ஆல்பர்ஸ்-ஷோன்பர்க் 1904இல் விவரித்த நோய் இந்த நிலையை மாற்றியது. ஓர் இளைஞரின் எக்ஸ்ரேயில் எலும்புகள் அனைத்தும் வழக்கத்தை மீறிய வெண்மையுடன் அடர்த்தியாகத் தெரிந்தன. பளிங்கு எலும்பு நோய் என்று பெயர்பெற்ற இதில், பழைய எலும்பைக் கரைத்து அகற்றும் செல்கள் சரிவர இயங்குவதில்லை. அதனால் எலும்பு அடர்ந்துகொண்டே போகிறது. ஆனாலும் எளிதில் முறிகிறது. கடுமையான வகையில் மஜ்ஜைக்கான இடம் குறுகி இரத்தசோகை உண்டாகிறது. உடலை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாத இந்நோய், கதிர்ப்படத்தால் மட்டுமே தனி நோயாக வரையறை பெற்றது. ஆல்பர்ஸ்-ஷோன்பர்க் கதிர்வீச்சின் பாதிப்பால் ஒரு கையை இழந்து, 1921இல் இறந்தார்.

இதற்கு நேர்மாறான பாடத்தை ஆஸ்டியோபாய்கிலோசிஸ் தந்தது. மூட்டுகளை ஒட்டிய எலும்புகளில் சிறுசிறு வெண்புள்ளிகள் சிதறிக் கிடப்பதே இதன் அடையாளம். வலியோ பலவீனமோ பொதுவாக இருப்பதில்லை. வேறு காரணத்துக்காகப் படம் எடுக்கும்போதுதான் தெரியவரும். எலும்புக்குப் பரவிய புற்றுநோய் என்று தவறாகக் கருதப்படும் வாய்ப்பு இதில் உண்டு. படத்தில் அச்சமூட்டும் தோற்றம் உடலில் தீங்கற்றதாக இருக்கலாம் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று.

வலப்பக்க இதயம்

உள்ளுறுப்புகள் அனைத்தும் இடம் வலமாக மாறி அமைந்திருக்கும் நிலையை, லண்டனில் மேத்யூ பெய்லி 1788இல் ஓர் உடலை அறுத்துப் பார்த்து விவரித்தார். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இவ்வமைப்பு இருக்கிறது. எக்ஸ்ரே வந்த பிறகு, உயிரோடு நடமாடுபவரிடமே நெஞ்சுப் படம் ஒன்றில் இதை அறிய முடிந்தது. இடம், வலம் என்ற குறி தவறாக இடப்பட்ட படமும் இதே தோற்றத்தைத் தரும் என்பதால், குறியைச் சரிபார்ப்பது கதிரியலின் அடிப்படைப் பழக்கங்களில் ஒன்றாயிற்று.

சூரிச் மருத்துவர் மேனஸ் கார்டகெனர் 1933இல் இந்த இடமாற்றத்துடன் மூக்கடிச் சைனஸ் அழற்சியும், நுரையீரல் மூச்சுக்குழல்கள் விரிந்துபோகும் நோயும் சேர்ந்து வருவதை எடுத்துக்காட்டினார். இம்மூன்றுக்கும் என்ன உறவு என்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் புதிராக இருந்தது. ஸ்வீடன் அறிவியலாளர் பியோர்ன் அஃப்செலியஸ் 1976இல் இதை விடுவித்தார். சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்கள் இவர்களிடம் அசைவதில்லை. கருவில் உறுப்புகளின் இடவலத்தைத் தீர்மானிப்பதிலும் அத்தகைய நுண்மயிர்களுக்குப் பங்கு உண்டு. அவை இயங்காதபோது இதயம் எந்தப் பக்கம் அமையும் என்பது தற்செயலாகிவிடுகிறது. ஆகவே இந்த நுண்மயிர்க் கோளாறு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கே உறுப்புகள் இடம் மாறியிருக்கின்றன.

இரத்தநாளப் படங்கள்

போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் 1927இல் மூளையின் இரத்தநாளங்களில் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கும் முறையை உருவாக்கினார். இம்முறை ஜப்பானில் பரவியபோது, உலகம் அதுவரை அறியாத நோய் ஒன்று தெரியவந்தது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் உட்கழுத்துத் தமனிகள் இருபுறமும் மெல்ல மெல்ல அடைபட, அதை ஈடுசெய்ய மூளையின் அடிப்பகுதியில் எண்ணற்ற நுண்நாளங்கள் முளைத்திருந்தன. 1957இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நிலைக்கு, ஜிரோ சுசுகி, அகிரா டகாகு ஆகியோர் 1969இல் ‘மோயாமோயா’ என்று பெயரிட்டனர். நுண்நாளக் கூட்டம் படத்தில் புகை போலத் தெரிவதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் அது. இந்நோய் குழந்தைகளுக்குப் பக்கவாதத்தையும், பெரியவர்களுக்கு மூளை இரத்தக்கசிவையும் உண்டாக்கக்கூடும். இதோடு தொடர்புள்ள ஆர்.என்.எஃப்.213 என்ற மரபணு 2011இல் இனங்காணப்பட்டது. இன்றும் நோயை உறுதி செய்வது நாளப் படமே.

அல்ட்ராசவுண்ட்

கிளாஸ்கோ நகர மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், ஜான் மெக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் ஆகிய மூவரும் 1958 ஜூனில் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, வயிற்றுக் கட்டிகளை ஒலியலைகளால் ஆராய்வதைப் பற்றியது. அவர்கள் பரிசோதித்தவர்களில் ஒரு பெண்ணுக்கு, அறுவை செய்ய முடியாத அளவு முற்றிய இரைப்பைப் புற்றுநோயும் வயிற்றில் நீர்க்கோப்பும் இருப்பதாகக் கருதப்பட்டிருந்தது. ஒலிப்படம் காட்டியதோ மிகப் பெரிய நீர்க்கட்டி ஒன்றை. அது சினைப்பையில் தோன்றிய தீங்கற்ற கட்டி. அறுவை மூலம் அகற்றப்பட்டது. கைவிடப்பட்ட நோயாளி ஒருவரின் உயிரைக் காத்த இந்நிகழ்ச்சி, அதுவரை ஐயத்துடன் பார்க்கப்பட்ட கருவிக்கு மதிப்பைத் தேடித்தந்தது.

சி.டி. ஸ்கேனும் வேலூர் ஆய்வுகளும்

காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. கருவியில் முதல் நோயாளியின் மூளை, லண்டன் விம்பிள்டனில் உள்ள ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில் 1971 அக்டோபர் 1 அன்று படமெடுக்கப்பட்டது. திசுக்களின் அடர்த்தியை எண்ணாகவே தருவது இக்கருவியின் சிறப்பு. தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000 என்ற அந்த அளவுகோல் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு எனப்படுகிறது. அவரும் ஆலன் கார்மாக்கும் 1979இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

சி.டி. இந்தியாவில் பரவியபோது, வலிப்புடன் வந்த பலரின் மூளையில் மருந்தேற்றிய படத்தில் ஒளிரும் ஒற்றைச் சிறு புள்ளி காணப்பட்டது. காசநோய் மிகுந்த நாடு என்பதால் அதைக் காசநோய்க் கட்டி என்று கருதி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பது வழக்கமாக இருந்தது. ஆனால் வலிப்பு மருந்து மட்டும் எடுத்துக்கொண்டவர்களிடமும் அப்புள்ளி சில மாதங்களில் மறைந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்களான மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் அத்தகைய புள்ளிகளிலிருந்து திசு எடுத்து ஆராய்ந்தனர். பெரும்பாலானவை காசநோயால் வந்தவை அல்ல. பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்கி அழியும்போது உண்டாகும் வீக்கங்கள் என்று தெரிந்தது. புழுவின் முட்டை கலந்த உணவு, தண்ணீர் வழியாகவே இது தொற்றுவதால், பன்றி இறைச்சி உண்ணாதவர்களுக்கும் வருகிறது. 20 மில்லிமீட்டருக்கு மேற்படாத அளவு, மூளையின் நடுக்கோடு விலகாமை போன்ற அடையாளங்களையும் உடற்பரிசோதனையையும் சேர்த்து, திசு எடுக்காமலே இரண்டையும் பிரித்தறியும் நெறிகளை இக்குழு 1993இல் வெளியிட்டது. தேவையற்ற காசநோய் மருந்தையும் மூளை அறுவையையும் பலர் தவிர்க்க இது வழிசெய்தது.

இதே காலத்தில் மேலை நாடுகளில் வேறு வகைச் சிக்கல் எழுந்தது. வயிற்று வலிக்கு எடுத்த சி.டி. படங்களில், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டிகள் தென்பட்டன. கீல்ஹோட், ட்ரூய் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1982இல் இவற்றுக்கு ‘இன்சிடென்டலோமா’ என்று பெயர் சூட்டினர். வயிற்று சி.டி. எடுப்பவர்களில் சுமார் 4 விழுக்காட்டினருக்கு இவை இருக்கின்றன. பெரும்பாலானவை எந்த ஹார்மோனையும் சுரக்காத, தீங்கற்ற கட்டிகள். சில மட்டும் இரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றும் ஃபியோகுரோமோசைட்டோமாவாகவோ புற்றுநோயாகவோ இருக்கலாம். எனவே ஹார்மோன் சோதனைகள் செய்யப்படுகின்றன. சீரான தோற்றமும் 10 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுக்கு மேற்படாத அடர்த்தியும் கொண்ட கட்டி கொழுப்பு நிறைந்த, தீங்கற்ற கட்டி என்று கொள்ளப்படுகிறது. அதற்குத் தொடர் படங்கள் வேண்டியதில்லை என்று 2016ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டல் கூறியது.

எம்.ஆர்.ஐ.

பால் லாட்டர்பர் 1973இல் வழிகாட்ட, பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் முதலியோர் வளர்த்தெடுத்த எம்.ஆர்.ஐ., மென்திசுக்களைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டுகிறது. மரபணு நோய்கள் பலவற்றுக்கு இதில் தனித்த முத்திரை உண்டு. மேரி ஜூபெர் 1969இல் விவரித்த நோய்க்கூட்டில் சிறுமூளையின் நடுப்பகுதி வளர்ச்சி குன்றியிருக்கும். குழந்தை மூச்சு தாறுமாறாக விடும். கண்கள் ஒழுங்கின்றி அசையும். இக்குழந்தைகளின் மூளைத்தண்டு குறுக்குவெட்டுப் படத்தில் கடைவாய்ப்பல் வடிவில் தெரிவது 1997இல் விவரிக்கப்பட்டது. அந்த அடையாளம் கண்டவுடன் கண் விழித்திரை, சிறுநீரகம் ஆகியவற்றையும் கண்காணிக்கத் தொடங்கலாம் என்பது இதன் பயன்.

படத்துக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தொலைவைக் காட்டும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 2007இல் பிரான்சின் மார்செய் நகரிலிருந்து வெளியானது. இடக்காலில் லேசான பலவீனத்துடன் வந்த 44 வயது அரசு ஊழியரின் மண்டையோட்டில், நீர் நிரம்பிய அறைகள் பெரிதாக விரிந்து, மூளைத்திசு மெல்லிய படலமாக ஓரத்தில் ஒடுங்கியிருந்தது. குழந்தைப் பருவத்தில் மூளை நீர்க்கோப்புக்குச் சிகிச்சை பெற்றிருந்த அவருடைய நுண்ணறிவு ஈவு 75. திருமணமாகி, இரு குழந்தைகளுக்குத் தந்தையாகி, பணிக்குச் சென்றுகொண்டிருந்தார்.

நலமானவர்களின் மூளையில் என்னென்ன இருக்கும் என்பதை நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு அளந்தது. 45 வயதைக் கடந்த 2,000 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களில், 7.2 விழுக்காட்டினருக்கு அவர்களே அறியாத பழைய மூளை இரத்தத்தடைத் தழும்பும், 1.8 விழுக்காட்டினருக்கு இரத்தநாளப் புடைப்பும், 1.6 விழுக்காட்டினருக்குத் தீங்கற்ற கட்டியும் இருந்ததாக 2007இல் முடிவுகள் வெளிவந்தன.

பார்த்தும் தவறுவது

எதிர்பாராதது படத்தில் இருந்தாலும் கண்ணுக்குப் படாமல் போகலாம். டிராஃப்டன் ட்ரூவும் வேறு இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் சி.டி. படங்களில் ஒரு கொரில்லாவின் உருவம் செருகப்பட்டது. அது, தேடச் சொன்ன சிறு கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 24 கதிரியல் மருத்துவர்களில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. ஒரு குறையைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடும் இயல்பும் கதிரியலில் நன்கு அறியப்பட்டது. எல்லாப் பகுதிகளையும் வரிசைப்படி பார்த்து எழுதும் அறிக்கைமுறையும், பழைய படங்களோடு ஒப்பிடும் வழக்கமும் இதற்கான தடுப்புகள்.

மிகை நோயறிதல்

தேவைக்கு மேல் கண்டறிவதன் விளைவைத் தென் கொரியா காட்டியது. அங்கே 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபின், திட்டத்தில் இல்லாத தைராய்டு அல்ட்ராசவுண்டையும் மருத்துவமனைகள் குறைந்த கட்டணத்தில் சேர்த்துச் செய்தன. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் வீதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்காயிற்று; அந்நோயால் இறப்போர் வீதத்தில் மாற்றமில்லை. பின்லாந்தில் 1985இல் வெளியான பிரேதப் பரிசோதனை ஆய்வும், வேறு காரணங்களால் இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரிடம் மிகச் சிறிய தைராய்டு புற்றுநோய் இருந்ததைக் கண்டிருந்தது. வாழ்நாளில் தொல்லை தராத இக்கட்டிகளுக்காகச் சுரப்பியை இழந்தவர்கள் காலமெல்லாம் மாத்திரை சாப்பிட வேண்டியவர்களாயினர். சிலருக்குக் குரல் நரம்பும் கால்சியச் சமநிலையும் பாதிக்கப்பட்டன. 2014இல் கொரிய மருத்துவர்கள் சிலர் வெளிப்படையாக எச்சரித்தபின், ஓராண்டுக்குள் தைராய்டு அறுவைகள் 35 விழுக்காடு குறைந்தன.

இன்றைய நெறிமுறைகள்

தற்செயலாகத் தெரியும் ஒவ்வொரு மாற்றத்தையும் எப்படிக் கையாள்வது என்பதற்கு இன்று உறுப்புவாரியான நெறிகள் உள்ளன. சிறுநீரக நீர்க்கட்டிகளுக்கு மார்ட்டன் பாஸ்னியாக் 1986இல் தந்த வகைப்பாடு, சுவரின் தடிப்பும் உள்தடுப்புகளும் கொண்டு புற்றுநோய் வாய்ப்பை மதிப்பிடுகிறது. நுரையீரலின் சிறு கட்டிகளுக்கு ஃபிளைஷ்னர் சங்கம் 2005இல் தந்து 2017இல் திருத்திய நெறிப்படி, புற்றுநோய் அபாயம் குறைந்தவரிடம் காணப்படும் 6 மில்லிமீட்டருக்குக் குறைவான திண்மக் கட்டிக்கு வழக்கமான தொடர் ஸ்கேன் தேவையில்லை. இந்நெறிகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே: படத்தில் தெரியும் தோற்றத்தை நோயாளியின் வயது, அறிகுறி, குடும்ப வரலாறு, இரத்தப் பரிசோதனை, பழைய படம் ஆகியவற்றோடு வைத்துப் பார்த்தபின்னரே அதற்கு நோய் என்று பெயரிட வேண்டும், ஐயம் தீராவிட்டால் திசுப் பரிசோதனையே முடிவு சொல்லும். அறிகுறியோ குடும்ப வரலாறோ அபாயக் காரணியோ இல்லாதவர்கள் முழு உடல் ஸ்கேன் எடுத்துக்கொள்வதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2023இல் அறிவித்தது.