பார்வதியின் வாசலில் ஓர் இரவு

டாலிகஞ்ச் என்றாலே வங்காளிகளுக்கு சினிமாதான். 1931-ல் பி.என். சர்க்கார் தொடங்கிய நியூ தியேட்டர்ஸ் இங்கேதான் இருந்தது. 1935-ல் பிரமதேஷ் பருவா இயக்கி நடித்த வங்காள 'தேவதாஸ்' அங்கே உருவாயிற்று. அதைத் தொடர்ந்து சைகல் நடித்த ஹிந்திப் பதிப்பும் வந்தது. நம்மவர்களுக்கோ தேவதாஸ் என்றால் 1953-ல் வந்த நாகேஸ்வரராவ், சாவித்திரி படம். அதைப் பார்த்து அழாத அத்தை, பெரியம்மா யாராவது உண்டா, சொல்லுங்கள்!

ஆனால் சரத்சந்திரரின் நாவலைப் படித்தவர்கள் நம்மிடையே குறைவு. இருபத்தைந்து வயதுகூட ஆகாதபோது அவர் எழுதிய கதை அது. வெகுகாலம் வெளியிடத் தயங்கி, 1917-ல்தான் அச்சேற்றினார். அதன் கடைசிக் காட்சி நூறு வருஷங்களுக்கு மேலாக ஜனங்களை அழவைக்கிறதே, எப்படி என்று பார்ப்பது நம் மலருக்குக் கதை எழுதி அனுப்பும் அன்பர்களுக்கு உபயோகப்படும் என்று நினைக்கிறேன். பாத்திரம் அழுதால் வாசகரும் அழுவார் என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். சரத்பாபு அப்படி நம்பவில்லை.

அவர் முதலில் ஒரு கடனை ஏற்றிவைக்கிறார். குடியால் கெட்டுப்போன தேவதாஸிடம், என் வீட்டுக்கு வந்து உனக்குப் பணிவிடை செய்ய விடு என்று பார்வதி கெஞ்சுகிறாள். சாகுமுன் வருவதாக அவன் வாக்குக் கொடுக்கிறான். அதற்கு வெகுமுன்பே, அவள் கல்யாணத்துக்கு முன்னால், தூண்டிற்கழியால் அவள் நெற்றியில் அடித்து ஒரு வடுவையும் உண்டாக்கியிருக்கிறான். இந்த இரண்டும் வாசகன் மனசில் கிடக்கின்றன. 

கடைசியில் தேவதாஸ் சாகும் தறுவாயில் மாட்டுவண்டியில் ஹாத்திபோதாவுக்கு வருகிறான். பார்வதி வீட்டு வாசலில், மரத்தடியில் இறக்கிப் போடுகிறார்கள். வாக்கைக் காப்பாற்றிவிட்டான், ஆனால் வாய் பேச முடியவில்லை. உள்ளே இருப்பவளுக்கு வெளியே கிடப்பது யார் என்று தெரியாது. இங்கே ஆசிரியர் புலம்புகிறாரா? இல்லை. சட்டைப்பையில் இருந்த கடிதங்களைக் கொண்டு ஆள் இன்னார் என்று கண்டுபிடிக்கிறார்கள் என்கிறார். என்ன ஜாதியோ என்று ஊரார் பிணத்தைத் தொடவில்லை, வற்றிய குளத்தங்கரையில் அரைகுறையாக எரித்தார்கள் என்கிறார். போலீஸ் அறிக்கை மாதிரி இருக்கிறது. அதுதான் நெஞ்சை அடைக்கிறது. ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கை நெருப்புக்கூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் பார்வதி வெளியே ஓடுகிறாள். பிடித்து, மூர்ச்சையான நிலையில் உள்ளே தூக்கிவருகிறார்கள். பருவா இந்த இடத்தில் பெரிய கதவு மூடுவதாகக் காட்டினார். சினிமாவுக்கு அது பொருத்தம்தான். ரயிலில் தேவதாஸ் கூப்பிடும் நேரத்தில் எங்கோ பார்வதி தடுமாறுவதாக அவர் இரண்டு காட்சிகளை மாற்றிமாற்றிக் காட்டியதும் அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம். நியூ தியேட்டர்ஸில் பணியாற்றிய பிமல் ராய், 1955-ல் திலீப்குமாரை வைத்துத் தாமே ஹிந்தியில் எடுத்தார். வங்காளத்துக்காரர்கள் அந்தக் கதையை விடுவதாக இல்லை.

என்றாலும் என் ஓட்டு புத்தகத்துக்கே. நாவலில் கதவு மூடலுக்குப் பதிலாக ஒரு கேள்வி இருக்கிறது. மறுநாள் நினைவு திரும்பிய பார்வதி அழவில்லை. வேலைக்காரியைக் கூப்பிட்டு, ராத்திரியே வந்துவிட்டாரா, ராத்திரி முழுக்கக் கிடந்தாரா என்ற ஒன்றை மட்டும்தான் விசாரிக்கிறாள். ஒரு சுவர்தான் நடுவில் இருந்தது என்று அப்போது நமக்கு உறைக்கிறது. அதை ஆசிரியர் சொல்லவே இல்லை, பாருங்கள்.

அதற்குப்பின் சரத்பாபுவே முன்னால் வந்து, தேவதாஸுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள், சாகும்போது அன்பான ஒரு கையின் ஸ்பரிசமாவது எவருக்கும் கிடைக்கட்டும் என்று வாசகரிடம் வேண்டிக்கொள்கிறார். பார்வதி கேட்ட கேள்விக்கு அப்பால் அந்தப் பத்தி தேவையா என்பது என் சந்தேகம். பக்கத்து வீட்டு வங்காளி நண்பரிடம் இதைச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.