ஊர்வல வாகனங்களில் மின்கசிவுப் பாதுகாப்பு: ஜெனரேட்டரின் நியூட்ரலை முன்வைத்து

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய தலம். இதுபோன்ற ஊர்களில் சாமி புறப்பாடு இரவில்தான் களைகட்டும். வாகனத்தைச் சுற்றி இரும்புச் சட்டம், அதில் சீரியல் விளக்குகளும் ஃபோகஸ் லைட்டும், பின்னால் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர். மின்பொறியாளர் கண்ணுக்கு அது சக்கரத்தின் மேல் நகரும் ஒரு முழு மின்னமைப்பு. மேலைநாட்டுச் சுற்றுலாக் கேரவன்களுக்கு ஐ.இ.சி. 60364 தரநிலையில் தனிப் பகுதியே உண்டு. அமெரிக்க மின்விதித் தொகுப்பு 551ஆம் பிரிவை அதற்கென ஒதுக்கியிருக்கிறது. நம் தேருக்கும் சப்பரத்துக்கும் அந்த அக்கறை கிடைக்க வேண்டும்.

2022 ஏப்ரல் 27 அதிகாலையில், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தனர். இறந்தவர்களில் சிறுவர்களும் இருந்தனர். இத்தகைய சாவுகளுக்கு ஆர்.சி.டி. எனும் மின்கசிவுத் தடுப்பான்தான் மருந்து என்று எண்ணத் தோன்றும். ஆனால் களிமேட்டில் அது ஓர் உயிரையும் காத்திருக்காது. தன் வழியே போய்த் திரும்பும் மின்சாரத்தை மட்டுமே அந்தக் கருவி கண்காணிக்கும். அங்கே மின்சாரம் வெளியிலிருந்து பாய்ந்தது. தெருவைக் குறுக்கே கடக்கும் உயர் அழுத்தக் கம்பி குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே தார் போட்டால் அந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். இந்த ஆபத்துக்குத் தேரின் உயரத்தை அளப்பதும், புறப்பாட்டு நேரத்தில் மின்சாரத்தை நிறுத்துவதும்தான் வழி.

இன்னோர் ஆபத்து தேருக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

ஒயர் உரசி, தோல் பிய்ந்து, ஃபேஸ் கம்பி இரும்புச் சட்டத்தைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெர்க்லியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல் தன்னார்வலர்களைக் கொண்டு அளந்து பார்த்தபோது, பிடித்த கம்பியை ஆண்கள் தாமாக விட முடிந்த எல்லை சராசரியாக 16 மில்லி ஆம்பியர்தான். மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே அல்ல. போகும் மின்சாரத்துக்கும் திரும்பும் மின்சாரத்துக்கும் இடையே 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தால் ஆர்.சி.டி. 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும்.

அப்படித் துண்டிக்க, கசிந்த மின்சாரம் ஜெனரேட்டருக்குத் திரும்ப ஒரு பாதை வேண்டும். சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் உடற்சட்டத்தோடு இணைக்கப்படாமல் மிதந்து நிற்கிறது. முதல் கசிவில் மின்சாரம் திரும்ப வழியில்லாததால் ஆர்.சி.டி. சும்மா இருக்கும்; யாருக்கும் ஷாக்கும் அடிக்காது. விளக்குகளும் எரிந்துகொண்டே இருக்கும். ஈரத்தில் நனைந்த வேறோர் இணைப்பில் நியூட்ரல் பக்கமும் தரையைத் தொடும்போது, சட்டத்தைப் பிடித்து வெறுங்காலுடன் வருபவரின் உடலே பாதையாகிவிடும். அந்த இரண்டாம் கசிவு ஆர்.சி.டி.க்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இருந்தால் கருவி காப்பாற்றும். கருவியைத் தாண்டிய ஒயரில் இருந்தால், போனது முழுதும் கருவி வழியே திரும்பிவிடுவதால் அதற்கு எதுவும் தெரியாது.

எனவே ஆர்.சி.டி. வாங்குவதற்கு முன், ஜெனரேட்டரின் நியூட்ரலை அதன் உடற்சட்டத்தோடு ஒரே இடத்தில் இணைத்து, அங்கிருந்து தேரின் இரும்புப் பாகங்கள் எல்லாவற்றுக்கும் தனி எர்த் ஒயர் ஓட்ட வேண்டும். தரையில் எர்த் கம்பி அடிக்க முடியாத நகரும் வாகனத்துக்கு இதுவே நடைமுறைக்கு உகந்த வழி. இரும்புச் சக்கரம் தார்ச்சாலையில் உருள்வதை எர்த் என்று நம்பக் கூடாது. மண்டபத்தில் நிற்கும்போது மின்வாரிய இணைப்புக்கு மாற்றினால், அங்கே நியூட்ரல் டிரான்ஸ்பார்மரிலேயே எர்த் ஆகியிருக்கும். அதனால் வண்டியில் போட்ட இணைப்பு அப்போது விலகியாக வேண்டும். கேரவன்களில் இதை மாற்றுச் சுவிட்சே செய்துவிடுகிறது. பந்தல் விளக்குக்காரர் கைவேலையாக இதைச் செய்வது ஆபத்து.

விழா அனுமதிக்கான ஆய்வில் ஆர்.சி.டி.யின் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. அந்தப் பொத்தான் கருவிக்குள்ளேயே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே செயற்கையாக ஒரு வேறுபாட்டை உண்டாக்குகிறது; நியூட்ரல் மிதந்துகொண்டிருந்தாலும் கருவி 'டக்' என்று விழும், ஆய்வாளரும் திருப்தியடைந்துவிடுவார். உரிமம் பெற்ற மின்பணியாளர், ஜெனரேட்டரை ஓட்டி, தேரின் சட்டத்துக்கும் ஃபேஸுக்கும் இடையே ஆர்.சி.டி. சோதனைக் கருவியை வைத்து, எத்தனை மில்லி ஆம்பியரில் எத்தனை மில்லி நொடியில் துண்டிக்கிறது என்று குறித்துக் கையெழுத்திட வேண்டும். இந்த அளவீடு அனுமதிப் படிவத்தில் ஒரு வரியாகச் சேர வேண்டும்.