பட்டினம் பாடியவரும் காழகத்தாராகிய நாமும்

ஊரைக் காதலித்துப் பாடுவது மேனாட்டாருக்கே உரிய வழக்கம் என்று, ஆங்கிலப் பள்ளியில் படித்த நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 1802இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின்மீது நின்று லண்டன் மாநகரின் விடியலைப் பாடிய வேர்ட்ஸ்வொர்த்தை மனப்பாடம் செய்தோம். நாம் கிராணி வேலை பார்க்கும் இக் கெடா நாட்டைப் பத்துப்பாட்டிலே தேடலாம் என்று ஒருவரும் நமக்குச் சொன்னாரில்லை.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை 301 அடிகளை உடையது. அவற்றுள் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றியதே. பொருள் தேடப் புறப்பட எண்ணும் தலைவன் தன் நெஞ்சை நோக்கி, அத்துணைச் சிறந்த பட்டினமே கைக்கு வருவதாயினும் இவளைப் பிரிந்து வாரேன் என்கின்றான். ஒரு பெண்ணின் பிரிவையே துலாக்கோலாகப் பிடித்து ஊரின் பெருமையை அளந்துவிட்டார் புலவர்! பாட்டுடைத் தலைவனாகிய கரிகாலன் இதற்குப் பதினாறு லட்சம் பொன் அளித்தான் என்று கலிங்கத்துப்பரணி கூறும். பொன்னுக்குப் பாடிய பாட்டுத்தானே என்று நகைப்போர் இருக்கலாம். ஆனால் உப்பு விற்று நெல் ஏற்றிவரும் படகையும், பரதவரின் ஓய்வுநாள் விளையாட்டையும் கண்ணாரக் கண்டு எழுதியவரை முகத்துதிக்காரர் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

அந்நகரத் தெருவிலே கடல்வழி வந்த குதிரைகளும், மிளகு மூட்டைகளும், இலங்கையின் உணவுப் பொருள்களும் குவிந்து கிடக்கின்றன. அவற்றோடு காழகத்துச் செல்வமும் கிடக்கின்றது. காழகமாவது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். கடாரமோ நம் கெடா. 1025இல் இராசேந்திர சோழன் கடாரத்தின்மேல் படை விடுத்ததை மேடைதோறும் முழங்கும் நம்மவர், அவ்வுரையின்படி அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே இங்கிருந்து அங்கே சரக்குச் சென்றதைச் சொல்வதில்லை. பல நாட்டிலிருந்து வந்து பல மொழி பேசியோர் அப்பட்டினத்திலே கலந்து வாழ்ந்தனர் என்பதையும் சொல்வதில்லை.

நிற்க. அத்தகைய கலப்பு நகரம் தென்னமெரிக்காவிலும் உண்டு. புவனோஸ் அயர்ஸ் துறைமுகத்தில் வந்திறங்கிய ஏழைகளின் குடியிருப்புக்களிலே சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் வளர்ந்தது டாங்கோ என்னும் ஆடலும் பாடலும். அந்நகரையே அன்பே என்று விளித்து, மீண்டும் உன்னைக் காணும் நாளில் துயர் தீரும் என்று ஏங்கும் புகழ்பெற்ற பாட்டு 1934இல் வெளிவந்தது. பாடியவர் கார்லோஸ் கார்தெல். பிரான்சில் பிறந்தவர் என்பர். சொல் அமைத்தவர் அல்பிரெடோ லெ பெரா. இத்தாலியப் பெற்றோருக்குப் பிரேசிலில் பிறந்தவர். பாட்டு இடம்பெற்ற படமோ நியூயார்க்கில் எடுக்கப்பட்டது. மறு ஆண்டே இருவரும் கொலம்பியாவில் விமான விபத்தில் மாண்டனர். நீ எங்கே பிறந்தாய் என்று கேட்டு அந்நகரம் அப்பாட்டைத் தள்ளிவிடவில்லை. உருத்திரங்கண்ணனாரும் பெயரளவில் கடியலூரார்தாமே!

நம் தோட்டத்துப் பாடல்களில் கப்பல் வரும், கங்காணி வருவார், கடன் வரும். சுங்கை பட்டாணித் தெருவும் ஜெராய் மலை மேகமும் நாம் கேட்ட பாடல்களில் வந்ததில்லை. மூன்று தலைமுறை கழிந்தும் இவ்வூரை நமதென்று வாய்விட்டுச் சொல்ல நமக்கே ஒரு கூச்சம் இருக்கின்றது போலும்.

அண்மையில் தோட்ட ஆபீசில் ஒரு முதியவருக்காகப் படிவம் எழுதுகையில், “சொந்த ஊர் எதுங்க ஐயா?” என்று கேட்டோம். தாம் ஒருநாளும் கண்டிராத சேலத்துக் கிராமம் ஒன்றைச் சொன்னார். அருகில் நின்ற பேரன், ரப்பர் மரங்கள் வீழ்ந்து வீட்டுமனைகளாகிவிட்ட பழைய தோட்டத்தின் பெயரைச் சொன்னான். படிவத்தில் ஒரு வரிக்கே இடம் இருந்தது. எழுத்தைச் சிறிதாக்கி இரண்டையும் எழுதினோம்.